மயக்க மருந்து போடாமல் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை): உங்களுக்கு எப்படி இருந்தது?

இரவுப்பணி:
மயக்க மருந்து போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட்டிப்போக ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். எனக்கு அப்படி ஆள் இல்லை. சரி, முழித்துக்கொண்டே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பேதி மருந்து குடித்த கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுகிறேன்.

மனதை விட்டுப் போகாதது அந்த முதல் வளைவு. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். ஸ்கோப், அதாவது அந்தக் கேமரா குழாய், உள்ளே நுழைந்தது பெரிதாகத் தெரியவில்லை. மலக்குடலைத் தாண்டி சிக்மாய்டு என்கிற வளைந்த குடல் பகுதிக்குள் போனதும் அடிவயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. பிசைந்தது முறுக்கலாக மாறியது. நெற்றி வேர்த்துவிட்டது, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பதற்றமே இல்லாமல் "லூப் விழுது, எடுத்துடறேன்" என்றார். நர்ஸ் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டாக்டர் ஸ்கோப்பைத் திருகிக் கொஞ்சம் வெளியே இழுத்தார். வலி சட்டென்று நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, ஒரே நொடியில் காணோம். அதைவிட ஆச்சரியம், ஸ்கோப்பை வெளியே இழுக்கிறார், திரையில் குடல் முன்னால் நகர்கிறது! இன்றுவரை அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீலக்குடை:
அது லூப் நேராகும்போது நடப்பது. சிக்மாய்டு தளர்வாகத் தொங்கும் பகுதி. ஸ்கோப்பைத் தள்ளத் தள்ள நுனி நகராமல் நடுப்பகுதி வளைந்துகொண்டு குடலை இழுக்கும். குடலைத் தாங்கும் சவ்வு இழுபடுவதால்தான் அந்த வலி. வளைவை எடுத்துவிட்டால் சவ்வு தளர்ந்துவிடும், நுனியும் தானாக முன்னே போகும். முழுக்கைச் சட்டையின் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவோமே, அப்படித்தான் குடலை ஸ்கோப்பின் மேல் மடித்து ஏற்றுகிறார்கள்.

எனக்கு மறக்காதது வேறு. காம்போடு நின்ற ஒரு பாலிப்பைத் (குடலின் உட்சுவரில் வளரும் சதை முளை) திரையில் காட்டினார்கள். கம்பி வளையம் வந்து அதன் கழுத்தில் விழுந்தது, இறுகியது. பாலிப் நிறம் மாறியது. மின்சாரம் கொடுத்ததும் லேசாகப் புகை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை. என் உடம்பில் ஒரு துண்டு அறுந்து விழுகிறது, நான் டிவி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். குடலின் உட்பக்கத்தை வெட்டினாலும் சுட்டாலும் வலிக்காது, இழுத்தாலும் காற்றடித்து உப்பவைத்தாலும்தான் வலிக்கும் என்று பிறகு விளக்கினார்கள். தூங்கியிருந்தால் இதையெல்லாம் பார்த்திருக்க முடியாது.

மூன்றாம்மாடி:
இதைப் படிக்கிறவர்கள் ஏதோ படம் பார்க்கப் போவது போலப் போய்ப் படுத்துவிடப் போகிறார்கள். எல்லோருடைய வயிறும் ஒன்றல்ல. நான் கர்ப்பப்பை எடுத்தவள். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே ஒட்டுதல் இருந்தால் சிக்மாய்டு அசையாது, நேராக்கப் பார்த்தாலே உயிர் போகும். யாரும் முன்கூட்டி அதைக் கேட்கவில்லை.

"நிறுத்துங்க" என்றேன். "இதோ வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தான்" என்றார் டாக்டர். மறுபடி சொன்னேன். "மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா." என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர், மதியத்துக்குள் இன்னும் எத்தனை கேஸ் முடிக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலிகூட மறந்துவிட்டது, அந்தப் பேச்சு மறக்கவில்லை. கடைசியில் கத்தினேன், அப்போதுதான் வெளியே எடுத்தார்கள். பாதியோடு முடிந்தது. அறிக்கையில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "நோயாளி ஒத்துழைக்கவில்லை."

வெள்ளிக்கிழமை:
எனக்குச் சுலபமாகவே முடிந்துவிட்டது, சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தயாரிப்பைப் பற்றி யாருமே எழுதவில்லையே! குடல் சுத்தமாக இல்லாவிட்டால் கழுவிக் கழுவிப் பார்க்கவேண்டியிருக்கும், நேரம் இழுக்கும். முழித்திருப்பவருக்கு அது கூடுதல் அவஸ்தை.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் அப்பிக்கொள்ளும். விதை, தோல், நார் உள்ளவற்றைச் சில நாள் முன்பிருந்தே தவிருங்கள். விதைகள் ஸ்கோப்பின் உறிஞ்சும் குழாயை அடைக்கும். முந்தின நாள் தெளிந்த திரவம் குடிக்கச் சொல்வார்கள், அதில் சிவப்பு, ஊதா நிறம் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும். பாலிஎதிலீன் கிளைகால் என்ற பேதி மருந்துக் கரைசலை முதல் நாளே மொத்தமாகக் குடித்துத் தீர்க்காமல் பாதியை முந்தின மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பும் குடியுங்கள். எழுந்து குடிக்கவேண்டுமே என்று சோம்பல்படாதீர்கள். இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து வடிவது வலப்பக்கக் குடலில் பூசிக்கொள்ளும், அதைக் கழுவுவது இந்த இரண்டாவது பாதிதான். நன்றாகக் குளிரவைத்து, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். முதல் தடவை கழிவறைக்கு ஓடும் முன்பே வாஸ்லின் தடவிவிடுங்கள், எரிச்சல் வரும்வரை காத்திருக்காதீர்கள். துடைக்க வேண்டாம், தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள். கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்த மஞ்சள் நீர் மட்டும் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர்கள் நீங்களாகவே எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள்.

அப்புறம் இன்னொன்று. உள்ளே காற்று அடிப்பார்களா, கார்பன் டை ஆக்சைடா, தண்ணீரா என்று முன்பே கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடை உடம்பு சீக்கிரம் உறிஞ்சிவிடும். தண்ணீர் விட்டுக்கொண்டே போகும் முறையில் குடல் அவ்வளவாக உப்பாது.

இரவுப்பணி:
தயாரிப்புக் கதை வேண்டாம் என்றுதானே ஆரம்பித்தேன் :) ஆனால் காற்று விஷயம் சரி. எனக்குச் சாதாரணக் காற்றுதான் போலிருக்கிறது, பரிசோதனையைவிட மாலையில் அந்த வாயு வெளியேறும் வரை பட்ட பாடுதான் அதிகம்.

திரைக்குப்பின்:
அந்த அறையில்தான் வேலை பார்க்கிறேன், வயிற்றை அழுத்தும் கை என்னுடையது. நல்ல உடற்கட்டோடு ஒருவர் வந்தார். வலி எல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே படுத்தார். ஸ்கோப் வளைவில் திரும்பியபோது முகம் வெளுத்து, சில்லென்று வேர்த்து, நாடித் துடிப்பு மளமளவென்று இறங்கியது. குடல் இழுபட்டால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இப்படி ஆகும். ஸ்கோப்பை நிறுத்திக் காற்றை உறிஞ்சியதும் துடிப்பு ஏறிவிட்டது. கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" அந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

மூன்றாம்மாடி அக்கா, வலி தாங்காமல் நிறுத்தினால் "வலியால் நிறுத்தப்பட்டது" என்றுதான் எழுதவேண்டும். நாங்கள் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்வோம், கையைத் தூக்கினால் தள்ளுவது நிற்கும். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் கையில் லைன் போட்டு வைத்திருப்போம், அவசரத்துக்கு மருந்து கொடுக்கலாம். ஆனால் ஒன்று, "இன்னும் கொஞ்சம்தான்" என்பது பொய் சொல்ல வந்த வார்த்தை இல்லை, பழக்கத்தில் வந்துவிடுவது. சிக்மாய்டைத் தாண்டினால் பலருக்கு மீதி சுலபம்தான்.

மூன்றாம்மாடி:
பழக்கத்தில் வந்துவிடுகிறது என்பதுதான் என் புகாரே, தங்கச்சி. பொய்யா நிஜமா என்று நான் கேட்கவே இல்லை. நிறுத்து என்றால் நிறுத்தவேண்டும், மீதி சுலபமா என்பது அப்புறம்.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன். வயிற்றிலிருந்த தழும்பைப் பார்த்ததுமே என்ன ஆபரேஷன் என்று கேட்டார். குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஸ்கோப்பை எடுத்தார், காற்றுக்குப் பதில் தண்ணீர் விட்டார். அப்போதும் மயக்க மருந்து வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதே வளைவில் கையைத் தூக்கினேன். நின்றார். வலி போன பிறகு "தொடரட்டுமா?" என்று கேட்டார். பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் வரை போய், அப்பெண்டிக்ஸ் வாயைக் காட்டினார். வலி இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது.

நீலக்குடை:
அந்தப் பழைய அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னீர்களா?

மூன்றாம்மாடி:
கேட்டேன். ஒரு படிவம் கொடுத்தார்கள், நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.