அழைப்பும் உண்டு, பயமும் உண்டு: வாலிபர் முகாமில் செய்முறையாக எதைக் கற்றுக்கொடுப்பது?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்கு ஒருநாள் முகாம் வைக்கிறோம். தலைப்பு "பயமில்லாத ஊழியம்". எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பெயர் போடாத சீட்டில் எழுதி வாங்கினோம். பிரித்துப் பார்த்ததில் நான்கு விதமாக இருக்கிறது. பத்துப் பேர் நடுவில் ஜெபிக்கச் சொன்னால் வாய் உலர்ந்துபோகிறது. ஆஸ்பத்திரி சந்திப்புக்குப் போக ஆசை, ஆனால் "மதம் மாற்ற வந்தியா?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது. ஆபீசில் பொய் பில்லில் கையெழுத்து கேட்கிறார்கள். இறையியல் படிக்க அழைப்பு இருக்கிறது, வீட்டில் கடனும் இருக்கிறது.

"பயப்படாதே" வசனங்களை வரிசையாக வாசித்து ஜெபித்து அனுப்பிவிட்டால், திங்கட்கிழமை காலையில் இந்தப் பிள்ளைகள் கையில் ஒன்றும் இருக்காது. பழகிக்கொள்ள என்ன கொடுக்கலாம்? பயம் எது, புத்தியான எச்சரிக்கை எது என்று எப்படிப் பிரித்துக் காட்டுவது? விவரமாகச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் உபதேசியார்

தம்பி, சீட்டு எழுதி வாங்கினீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. மீதியை யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில் இருந்து எடுங்கள். மோசே ஐந்து தடவை பின்வாங்குகிறார். "நான் எம்மாத்திரம்" என்கிறார். உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன் என்கிறார். அவர்கள் நம்பமாட்டார்கள் என்கிறார். திக்குவாய் என்கிறார். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். கர்த்தர் ஐந்துக்கும் ஒரே பதில் சொல்லவில்லை. முதலாவதற்கு "நான் உன்னோடே இருப்பேன்". இரண்டாவதற்குத் தம் நாமம். மூன்றாவதற்குக் கையிலிருந்த கோல். நான்காவதற்கு, உன் வாயோடே இருப்பேன் என்ற வாக்கு. முதல் நான்குக்கும் அவர் கோபப்படவே இல்லை. ஐந்தாவதுக்குத்தான் கோபம் மூண்டது, அப்போதும் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். பயந்த காரணத்தைச் சொன்னவருக்குப் பதில் கிடைத்தது. காரணமே சொல்லாமல் விலகப் பார்த்தபோதுதான் கோபம். பிள்ளைகள் இதைக் கவனிக்கும்படி நிதானமாக வாசியுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மூன்று பத்தியாக மடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் பயம், இரண்டாவதில் அது நடந்தேவிட்டால் உண்மையில் என்ன இழப்பு, மூன்றாவதில் யாருடைய அல்லது எதனுடைய துணை தேவை. இருபது நிமிடம் போதும். "ஊழியம் பயமாக இருக்கிறது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆள், இடம், சம்பவம் மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும்போது தடுமாறினால் என் சித்தப்பா வீட்டில் சிரிப்பார்கள்" என்று எழுதினால் அதற்கு வழி செய்யலாம். பெயர் தெரியாத பயத்துக்கு ஜெபிக்கக்கூடச் சரியாக வராது.

மேடைப் பயத்துக்கு ஒன்று சொல்கிறேன். பின்வாங்கியதும் நெஞ்சு இலேசாகிறது. அந்த நிம்மதியே அடுத்த தடவை பயத்தைப் பெரிதாக்கிவிடும், ஏனென்றால் தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு படித்துக்கொள்கிறது. அதனால் படி சின்னதாக இருக்கட்டும், ஆனால் விட்டுப்போகக் கூடாது. முதல் மாதம் வீட்டுக் கூட்டத்தில் ஒரு சங்கீதம் வாசிப்பது, பிறகு எழுதி வைத்த ஒரு நிமிட ஜெபம், பிறகு ஆராதனையில் வேதபாடம், அதற்கும் பிறகு மூன்று நிமிட சாட்சி. சாட்சியை முழுவதும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் எல்லாம் போய்விடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவுக்குக் கையில் குறிப்பு. பயந்தவர் வேகமாகப் பேசுவார், மூச்சு மேலேயே நிற்கும். எழுந்து நின்றதும் மூச்சை மெதுவாக முழுக்க வெளியே விட்டுவிட்டு ஆரம்பிக்கப் பழக்குங்கள்.

எச்சரிக்கையா பயமா என்ற கேள்விக்கு நம் ஊர்ச் சரித்திரமே உதவும். கீர்நாண்டர் என்ற சுவீடன் நாட்டு மிஷனரி 1740-இல் கடலூருக்கு வந்து ஊழியம் செய்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரையும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் பிடித்தபோது அவர் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. போன இடம் கல்கத்தா, அங்கேயும் அதே ஊழியத்தைத்தான் செய்தார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவரே ஆண்டவர்தான் (மத்தேயு 10:23). அதே ஆண்டவர்தான், எஜமான் வியாபாரம் செய்யக் கொடுத்த தாலந்தை (பணத்தை) மண்ணில் புதைத்தவனையும் உவமையில் கண்டித்தார். அவன் வாயாலேயே வருகிறது, "நான் பயந்து, போய்" என்று. இடத்தை மாற்றியவர் வேலையைத் தொடர்ந்தார், புதைத்தவன் வேலையையே நிறுத்திவிட்டான்.

1527-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது ஓடலாமா என்று கேட்டவர்களுக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய பதிலையும் சொல்லுங்கள். போதகர், நீதிபதி, வைத்தியர் போன்று மக்களுக்குக் கடமைப்பட்டவர்கள் தகுந்த மாற்று ஆள் இல்லாமல் போகக் கூடாது. மற்றவர்கள், அயலானைக் கவனிக்க ஆள் இருந்தால் போகலாம். இருக்கிறவர்கள் மருந்து சாப்பிட வேண்டும், வீட்டைப் புகைபோட வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகக் கூடாது. லூத்தரும் ஊரை விட்டுப் போகாமல் தங்கினார். நான் போனால் யார் தனியாக விடப்படுவார்கள்? இந்த ஒரு கேள்வியை முகாமில் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

சாவடி ஜெபக்குழு

பிரதர், இவ்வளவு தாள் பேனா எதற்கு? முழு இரவு ஜெபமும் உபவாசமும் வையுங்கள், பயம் ஓடிவிடும். அப்போஸ்தலர் 4-இல் ஜெபித்தபோது இடமே அசைந்தது.

மஞ்சக்குப்பம் உபதேசியார்

ஜெபம் இல்லாமல் எதுவும் இல்லை ஐயா, நீங்கள் சொன்ன பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஆலோசனைச் சங்கத்தார் அப்போஸ்தலரை மிரட்டி அனுப்பிய பிறகு ஜெபித்த ஜெபம் அது. 29-ஆம் வசனத்தில் மிரட்டல் போகட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. மிரட்டலைக் கவனியும், உம்முடைய வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்ல அநுக்கிரகம் செய்யும் என்று கேட்டார்கள். அதற்கு முன் 27-ஆம் வசனத்தில், இயேசுவுக்கு விரோதமாகக் கூடிய ஏரோதையும் பொந்தியு பிலாத்துவையும் ஜெபத்திலேயே பெயர் சொன்னார்கள். தாள் எழுதச் சொல்வது அதற்குத்தான். அந்தத் தாள்களை வைத்தே இரவு ஜெபத்தை நடத்துங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் உபவாசத்தில் சேர வேண்டாம்.

நெல்லித்தோப்பு வாசகி

அண்ணா, நான் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள். இளையோர் தியானங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறைச் சொல்ல வேண்டும். கடைசிப் பாடல், விளக்கு அணைப்பு, கண்ணீர், "யார் தங்களை ஒப்புக்கொடுக்கிறீர்கள்?" என்ற அழைப்பு, கைகள் உயர்கின்றன. மூன்று வாரத்தில் அந்தச் சூடு ஆறியதும், "என் அழைப்பே பொய்" என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. இது முன்பிருந்த பயத்தை விட மோசம்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதற்கு இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார். மனம் வறண்டு கலங்கிக் கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. மனம் பொங்கி நிற்கும்போது அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதே. ஆகவே முகாம் முடிவில் கை தூக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு நோட்டுக் கொடுத்து, தினமும் இரவில் பத்து நிமிடம், இன்று எந்த நேரத்தில் அழைப்பை நினைத்து அமைதி வந்தது, எந்த நேரத்தில் கலக்கம் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் எழுதினால் ஒரு தடம் தெரியும். பயம் எப்போதும் ஒரே ஆளுடன் பேசிய பிறகே வருகிறதா? தூக்கம் கெட்ட நாளில் மட்டும் வருகிறதா?

முடிவெடுக்கத் தடுமாறுகிறவர்களுக்கு அவர் சொல்லும் இரண்டு வழி மிகவும் உதவும். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் உன்னிடம் வந்தால் என்ன ஆலோசனை சொல்வாய்? சாகும் நேரத்தில் நின்று பார்த்தால் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய்? ஆளுக்குத் தனியாக அரைமணி நேரம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

அடையாளம் கேட்பதைப் பற்றியும் ஒன்று. கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டான் என்று பலர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் ஆண்டவர் அவனிடம் "போ" என்று சொன்ன பிறகுதான் அவன் தோலைப் போட்டான். கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் வைத்த வரியை அழைத்தல் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இளையோருக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

பயம் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், நெஞ்சுப் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தால், அது விசுவாசக் குறைவு என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கோரிமேடு செவிலியர்

ஆஸ்பத்திரி சந்திப்புக்கு நான் சொல்கிறேன். அங்கே பிள்ளைகள் பயப்படுவதற்குப் பாதிக் காரணம், உள்ளே போய் என்ன செய்வதென்று தெரியாததுதான்.

பார்வையாளர் நேரத்தில் மட்டும் போங்கள். வார்டு சிஸ்டரிடம் போய், எந்தச் சபை, யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், பெண்கள் வார்டுக்குப் பெண்களே போகட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், இருபது வினாடியாவது. கட்டிலில் உட்காராதீர்கள், டிரிப் ஸ்டாண்டைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில், "இப்போ எப்படி இருக்கீங்க, கொஞ்சநேரம் பேசலாமா?" என்று கேளுங்கள். என்ன வியாதி என்று கேட்காதீர்கள். ஜெபிக்கலாமா என்று நோயாளியிடமே கேட்க வேண்டும், கூட இருக்கிறவர்களிடம் கேட்டால் போதாது. அவர் சரி என்றால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஒரு நிமிடம். 23 அல்லது 121-ஆம் சங்கீதம் வாசித்தால் அதிகம் பேச வேண்டிய அவசியம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் படபடப்பில் அளவுக்கு மேல் பேசிவிடுகிறார்கள். மௌனமாக இருக்கலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள், பயம் அங்கேயே குறையும்.

செய்யவே கூடாதவை: நிச்சயம் சுகமாகும் என்று வாக்குக் கொடுப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, போட்டோ எடுப்பது. காசநோய் மருந்து சாதாரணமாக ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டியது. நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உண்டாகலாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. தைரியம் என்ற பேரில் இதைச் செய்கிறவர்கள் உண்டு, அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மதம் மாற்ற வந்தாயா என்று யாராவது கேட்டால் வாதாட வேண்டாம். "எங்கள் சபை ஆளைப் பார்க்க வந்தோம், அவர் கேட்டதால் ஜெபித்தோம்" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். அது உண்மையாக இருக்க வேண்டுமானால், மேலே சொன்னபடி அனுமதி கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். புயல் நிவாரணத்துக்கு சோனாங்குப்பம், தாழங்குடா பக்கம் போகும்போதும் அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். பசியில் இருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

முத்தியால்பேட்டை குமாஸ்தா

பொய் பில் விஷயம். தானியேல் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தவர் கூச்சல் போடவில்லை. பிரதானியிடம் வேண்டிக்கொண்டார், விசாரிப்புக்காரனிடம் பத்துநாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு மாற்று வழி கொடுத்தார். ஆபீசிலும் அதே மாதிரி. "முடியாது" என்பதோடு நிறுத்தாமல், "பொருள் வந்த அளவுக்கு பில் போட்டுத் தருகிறேன் சார்" என்று சொல்லுங்கள்.

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்குப் பொருந்தும் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள் 1964-இல் 3-ஆவது விதியைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக வந்தால் கீழே உள்ளவர் அதை எழுத்தில் உறுதிசெய்யும்படி கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. "சார், இதை ஒரு குறிப்பாக எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டாலே பல பொய் பில்கள் மேசையை விட்டுப் போய்விடும். போகாவிட்டால், தேதி போட்டு உங்கள் குறிப்பை ஃபைலிலேயே எழுதுங்கள், தனி டைரியில் மட்டும் எழுதினால் பயனில்லை. தனியார் கம்பெனியில் இந்தக் காப்பு கிடையாது. அங்கே இருப்பவர்கள் ஆறுமாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்கட்டும். கையில் காசு இல்லாதவரை மிரட்டுவது சுலபம்.

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. உபதேசியார் ஐயா, இறையியல் படிக்க நினைக்கிறவர்கள் மட்டும் மிச்சம். வீட்டில் கடன், அப்பா அம்மா எதிர்ப்பு. வேலையை விட்டுவிட்டுப் போவதுதான் விசுவாசம் என்று ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார்.

மஞ்சக்குப்பம் உபதேசியார்

வேலையை இப்போதே விட வேண்டாம் என்று சொல்லுங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிற செய்தியை நெகேமியா கிஸ்லே மாதத்தில் கேட்டார், நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறந்தார். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். திறந்த நேரத்திலும் "மிகவும் பயந்து" என்று அவரே எழுதுகிறார். ஆனால் ராஜா கேட்டதும் தேசாதிபதிகளுக்குக் கடிதம், மரத்துக்கு ஆசாப்புக்குக் கடிதம் என்று பட்டியல் தயாராக இருந்தது. எருசலேமுக்கு வந்தும் இரவில் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொன்னார். 52 நாளில் அலங்கம் முடிந்ததற்கு இந்த ஆயத்தமும் ஒரு காரணம்.

பிள்ளை முதலில் ஆயரிடம் சொல்லட்டும். ஒரு வருடம் ஓய்வுநாள் பள்ளி, வீடு சந்திப்பு, வாசிப்பு எல்லாம் வேலையோடு சேர்த்தே செய்யட்டும், சபை பார்க்கட்டும். பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்புக்குச் சென்னையில் குருகுல், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி என்று போகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சபையின் பரிந்துரையோடுதான் போகிறார்கள். பட்டதாரிக்கும் பல வருடப் படிப்பு அது. அந்தக் காலம் முழுவதும் சம்பளம் கிடையாது என்று கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

கடனைத் தாளில் எழுதட்டும்: யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எந்த மாதம் முடியும். கந்துவட்டி இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும், அதற்காக ஒரு வருடம் தள்ளிப்போனாலும் அழைப்பு கெட்டுவிடாது. நகைக்கடன் என்றால் திருப்பும் தேதி முக்கியம். தங்கை கல்யாணம் போன்றவை அழைப்புக்குத் தடை என்று நினைக்க வேண்டாம், அவையும் அவன் கடமைதான். அந்தத் தாளோடு அப்பா அம்மாவிடம் உட்காரட்டும். முதல் தடவை ஆயரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், ஆள் சேர்த்து வந்து மடக்குகிறான் என்று அவர்களுக்குத் தோன்றும். பிள்ளை தனியாகப் பேசி, அவர்கள் சொல்லும் ஆட்சேபணைகளை எழுதிக்கொண்டு வரட்டும். இரண்டாம் தடவை ஆயரும் ஆயரம்மாவும் வீட்டுக்குப் போகலாம். அம்மாக்கள் பெரும்பாலும் ஆயரம்மாவிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள், அதனால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.