ஜார்ஜ் டவுன் கடைவீடுகளைக் காப்பாற்றியது யுனெஸ்கோவா?

வாடகைச்சீட்டு:
2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததால்தான் மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுன் பிழைத்தது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்த 1966 சட்டம் 1997இல் ரத்தானது. 1999 முடிவோடு குடியிருந்தவர்களுக்குத் தந்த அவகாசமும் தீர்ந்தது. வாடகை எகிறியதும், கீழே தொழிலும் மாடியில் குடித்தனமுமாக இருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். பட்டியல் வந்தபோது பல தெருக்களில் ஆளே இல்லை.

சுண்ணாம்பு:
கட்டடத்தைக் கெடுத்ததும் அதே சட்டம்தானே? அந்த வாடகையை வைத்து எந்த உரிமையாளர் ஓடு மாற்றுவார்? ஓடு நகர்ந்தால் முதலில் அழுகுவது சுவருக்குள் செருகிய உத்தரத்தின் நுனி. வெளியே தெரியாது, ஆணியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அதைவிடக் கேடு சிமெண்ட் பூச்சு. பழைய செங்கல் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேற வேண்டும். சிமெண்ட் அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். ஈரக்கறைக்கு மேல் அரை மீட்டர்வரை சிமெண்டைக் கொத்தியெடுங்கள். சுவர் உலரப் பல வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள். பிறகு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. கடல்மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக் கூடாது, ஈரச்சாக்கு போட்டு மெதுவாக இறுகவிட வேண்டும். மேலே சுண்ணாம்பு அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் அத்தனையும் வீண்.

வாடகைச்சீட்டு:
எல்லாம் சரி, ஆனால் இவை பொதுச்சுவர் வீடுகள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் முற்றத்துத் தூம்பில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கும். ஈரம் உங்கள் புதுப்பூச்சில்தான் வந்து நிற்கும். தூம்பைத் தள்ளிவிட அங்கே ஒரு குடும்பம் வேண்டும்.

ஐந்தடி:
பட்டியலை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆள் போன வீடுகளில் ஜன்னலை அடைத்து, உள்ளே ஈரம் காத்து, சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்த்தார்கள். எச்சமும் ஈரமும் பலகையைத் தின்றன. 2013 முடிவுக்குள் அந்தக் குருவி வளர்ப்பை அகற்ற மாநில அரசு கெடு வைத்ததற்குப் பட்டியல் கொடுத்த அழுத்தம் முக்கியக் காரணம்.

வாடகைச்சீட்டு:
குருவி போன இடத்துக்குக் குடித்தனமா வந்தது? விடுதியும் காப்பிக்கடையும்தான். ஏசிக்காக முற்றத்தைக் கண்ணாடியால் மூடுகிறார்கள், சுவர் உலரக் காற்று இல்லை.

சுண்ணாம்பு:
மூடியே ஆகவேண்டுமென்றால் கூரையை உயர்த்தி நான்கு பக்கமும் காற்றுக்கு இடைவெளி விடட்டும். அதை அனுமதியிலேயே நிபந்தனையாக்கலாம்.

வாடகைச்சீட்டு:
அதோடு இன்னொன்றும் சேருங்கள்: பொதுப்பணத்தில் பழுதுபார்க்கும் உரிமையாளர், இருக்கிற குடித்தனக்காரருக்கு நீண்டகால ஒப்பந்தம் எழுதித் தந்த பிறகே முதல் தவணை.