பாட்டம் பிராக்கெட் மாற்றியபின் இடது கிராங்க் 'டக்' என்கிறது, பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறவில்லை – உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். என்னுடையது பழைய 26 அங்குல மலைச் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், சதுர முனை அச்சு. போன மாதம் அச்சு ஆடத் தொடங்கியதால் ஒரு கடையில் பாட்டம் பிராக்கெட்டை (பெடல் மாட்டும் கைகளான கிராங்க்குகளைத் தாங்கிச் சுழலும் அச்சுப் பாகம்) மாற்றினேன். அன்றிலிருந்து இரண்டு தொல்லைகள். செயினைப் பல்சக்கரம் மாற்றும் முன் டெரெய்லரின் எல்லைத் திருகை முழுக்கத் தளர்த்தியும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறவில்லை. எழுந்து நின்று மிதித்தால், இடது கால் கீழே போகும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம். நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பாட்டம் பிராக்கெட்டைச் சட்டகத்தில் பிடித்துவைக்கும் வலப்புறக் கப்பை இறுக்கினால், சுற்றச் சுற்றத் தளர்கிறது. மரை போய்விட்டதா?

பதில்:
தம்பி, மரை நன்றாகத்தான் இருக்கிறது. வலப்புறக் கப்புக்கு எதிர் மரை. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். இவ்வளவு நேரம் அதைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு கிராங்க்கைக் கழற்றி, பழைய பாட்டம் பிராக்கெட், புதியது இரண்டின் மேலும் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். கிராங்க் புல்லர் என்னும் கழற்றும் கருவி கொண்டு மட்டும் கழற்றுங்கள். அதன் மரை கிராங்க்குக்குள் முழுக்க இறங்கிய பிறகே தள்ளும் திருகைச் சுற்றுங்கள். அரைகுறையாக மாட்டினால் கிராங்க்கின் மரை பிய்ந்து வந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. கப் இறுகிவிட்டது. பழையதில் 73–113, புதியதில் 73–122.5 என்று இருக்கிறது.

பதில்:
செயின் ஏறாததற்குக் காரணம் அதுதான். 73 என்பது சட்டகக் குழாயின் அகலம், அது பொருந்துகிறது. அடுத்த எண் அச்சின் நீளம். புதியதில் அது 9.5 மி.மீ. கூடுதல், அதில் பாதியளவுக்குப் பல்சக்கரங்கள் வெளியே நகர்ந்துவிட்டன. டெரெய்லர் அவ்வளவு தூரம் எட்டாது. இருக்கைக் குழாயின் நடுக்கோட்டிலிருந்து நடுப் பல்சக்கரத்தின் பல் வரை அளந்து பாருங்கள். மூன்று பல்சக்கர மலைச் சைக்கிளில் 47.5 அல்லது 50 மி.மீ. வரவேண்டும்.

சத்தம் வேறு கதை. இரண்டு கிராங்க்கையும் தரைக்கு இணையாக நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா?

கேட்டவர்:
55 மி.மீ. வருகிறது. இடது கிராங்க் கொஞ்சம் தொங்குகிறது. கழற்றிப் பார்த்தால் அதன் சதுரத் துளையின் மூலைகள் மழுங்கி, ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கிறது.

பதில்:
போல்ட் தளர்ந்த நிலையிலேயே மிதித்ததால் எஃகு அச்சு அலுமினியத்தைத் தின்றுவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் அது மீண்டும் தளரும். இடது கிராங்க்கை மாற்றியே ஆகவேண்டும், மனம் வருத்தமாகத்தான் இருக்கும். வலது கிராங்க்கின் பின்புறம் பொறித்திருக்கும் நீளத்தையே வாங்குங்கள், 170 என்றால் 170. 113 அச்சைப் போட்டு, போல்ட்டை 40 நியூட்டன் மீட்டரில், இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

கேட்டவர்:
இரண்டையும் மாற்றிவிட்டேன். செயின் ஏறுகிறது, சத்தம் அடியோடு நின்றது. பெரிய பல்சக்கரம் மட்டும் ஓரிடத்தில் மெல்லிய அசைவு காட்டுகிறது. அச்சு வளைந்திருக்குமோ?

பதில்:
வலது கிராங்க்கைக் கழற்றி, அச்சில் கால் சுற்றுத் தள்ளி மாட்டிப் பாருங்கள். கழற்றுமுன் அசையும் பல்லிலும், அதற்கு நேரே அச்சிலும் மார்க்கரால் குறியிடுங்கள். அசைவு அதே பல்லில் நின்றால் பல்சக்கரம் வளைந்திருக்கிறது. அச்சுக் குறிக்கு நேரே வந்தால் அச்சில்தான் கோளாறு.

கேட்டவர்:
அதே பல்தான் ஐயா.

பதில்:
அப்படியானால் அனுசரிக்கும் ஸ்பேனரின் வாயில் அந்த இடத்தைப் பிடித்து மெல்ல வளையுங்கள். கொஞ்சம் வளைத்து, சுற்றிப் பார்த்து, மீண்டும் கொஞ்சம்.