45 அழைப்பு தாண்டினால் குரல் வெட்டுகிறது: கேடலிஸ்ட் 2960 க்யூஓஎஸ் உதவி

எபேன்_இரவுப்பணி:
வணக்கம். மொரிஷியஸ், எபேன் சைபர்சிட்டியில் ஒரு கால் சென்டர். சிஸ்கோவின் கேடலிஸ்ட் 2960 சுவிட்ச் இரண்டு. 48 போர்ட்டும் 100 எம்பி (வினாடிக்கு மெகாபிட்), சுவிட்சுகளுக்கு இடையே கிகாபிட் அப்லிங்க். முதல் சுவிட்சின் 48-ஆம் போர்ட்டில் ரவுட்டர், அதற்கப்பால் 50 எம்பி ஃபைபர். ஐபி ஃபோன் 80, கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஜி.711.

பேக்கப் ஓடும்போது குரல் கெடுகிறதே என்று க்யூஓஎஸ் (எந்தப் பேக்கெட்டுக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு) இயக்க ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ போட்டு, ஃபோன் போர்ட், அப்லிங்க், ரவுட்டர் போர்ட் எல்லாவற்றிலும் ‘எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் டிஎஸ்சிபி’ (பேக்கெட்டில் உள்ள முன்னுரிமைக் குறியை நம்பு) கொடுத்தேன். இப்போது பேக்கப் ஓடாதபோதும் கோளாறு. சுமார் 45 அழைப்பு வரை சுத்தம். தாண்டியதும் பிரான்சில் கேட்பவர்கள் எல்லாருக்கும் சொல் விட்டுவிட்டுக் கேட்கிறது. எங்கள் பக்கம் அவர்கள் குரல் தெளிவு. லைன் பாதிகூட நிரம்பவில்லை. ‘நோ எம்எல்எஸ் க்யூஓஎஸ்’ கொடுத்தால் சரியாகிவிடுகிறது.

இன்னொன்று: பாரிசுக்குப் பேக்கப் அனுப்பும் சர்வரின் போர்ட்டில் ‘போலீஸ் 10000000 8000 எக்ஸீட்-ஆக்‌ஷன் டிராப்’ வைத்தேன். 10 எம்பியைத் தாண்டுவதை வெட்டும் வரம்பு அது. ஆனால் 10 எம்பி கேட்டால் 2 எம்பி கூட வரவில்லை. பிங் 190 மில்லிசெகண்ட்.

ரோஸ்ஹில்_கம்பி:
45 என்ற எண்ணே பதிலைச் சொல்லிவிட்டது, தம்பி. 2960-இல் க்யூஓஎஸ் இயங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு போர்ட்டிலும் ‘எஸ்ஆர்ஆர்-க்யூ பேண்ட்வித் ஷேப் 25 0 0 0’ என்பது டிஃபால்ட்டாக உட்கார்ந்துகொள்ளும். அந்த 25 சதவீதம் அல்ல, தலைகீழ் எண்: 25-இல் ஒரு பங்கு, அதாவது 4%. 100 எம்பி போர்ட்டில் அது 4 எம்பி. இஎஃப் (குரலுக்கான குறி, டிஎஸ்சிபி 46) உள்ள பேக்கெட் முதல் க்யூவுக்குத்தான் (போர்ட்டிலிருந்து வெளியேறும் வரிசை) போகும். 20 மில்லிசெகண்ட் பேக்கெட்டில் ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு ஈதர்நெட்டில் வினாடிக்கு 87.2 கிலோபிட். 4000-ஐ 87.2-ஆல் வகுத்துப் பாருங்கள்.

போர்ட் காலியாக இருந்தாலும் ஷேப் செய்த (வேக வரம்பு வைத்த) க்யூ தன் அளவைத் தாண்டாது. அதனால்தான் லைன் பாதி காலியாக இருந்தும் வெட்டு. கிகாபிட் அப்லிங்கில் அதே 4% 40 எம்பி என்பதால் அங்கே தெரியவில்லை. உள்ளே வரும் குரல் ஒவ்வொரு ஃபோன் போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பிரிவதால் உங்கள் ஏஜென்ட்டுகளுக்கும் குறையில்லை.

48-ஆம் போர்ட்டுக்குள் போய்:
ப்ரியாரிட்டி-க்யூ அவுட்

இது வந்தால் முதல் க்யூவுக்கு ஷேப் கணக்கு பொருந்தாது, அது காலியாகும்வரை முதலில் அதற்கே இடம். அப்லிங்கிலும் போட்டுவிடுங்கள். ‘ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ் ... ஸ்டாடிஸ்டிக்ஸ்’ பார்க்கும்போது ஏமாறாதீர்கள்: அங்கே க்யூக்கள் 0 முதல் 3 வரை. கட்டளையில் 1 என்பது அங்கே 0.

போலீஸ் விஷயம்: 8000 என்பது பைட், ஒரே மூச்சில் விடும் அளவு; அதை ஒரு வாளி என்று வையுங்கள். முழு அளவு பேக்கெட் ஐந்து வந்தாலே வாளி நிறைந்துவிடும், ஆறாவது கீழே. டிசிபி (பேக்கப் பயன்படுத்தும் அனுப்பும் முறை) இழப்பைக் கண்டால் வேகத்தை வெகுவாகக் குறைக்கும், 190 மில்லிசெகண்ட் தூரத்தில் மீண்டும் ஏற நேரமாகும். 10 எம்பி × 0.19 ÷ 8 = சுமார் 237500 பைட். 256000 வையுங்கள். இந்த மாடலில் மேல்வரம்பு 1000000.

போர்ட்லூயி_நெட்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். லைன் 50, போர்ட் 100. பேக்கப் முட்டும்போது நெரிசல் உங்கள் சுவிட்சில் வராது. லைன் கொடுப்பவரின் கருவியில்தான் வரும், அது குரலென்றும் பேக்கப்பென்றும் பாராமல் வெட்டும். உங்கள் ப்ரியாரிட்டி க்யூ சும்மா நிற்கும். நெரிசலை உங்கள் கைக்குள் இழுக்க:

எஸ்ஆர்ஆர்-க்யூ பேண்ட்வித் லிமிட் 45

10 முதல் 90 வரை கொடுக்கலாம், சதவீதம். ஹார்ட்வேர் ஆறாறு படியாக நகர்த்துவதால் சரியாக 45-இல் நிற்காது, அளந்து பாருங்கள். ரவுட்டரில் ஷேப் செய்ய வசதியிருந்தால் அதுதான் நேர்த்தி. சுவிட்சில் செய்வது ஒட்டுவேலை.

சர்வரில் போலீஸ் ‘இன்புட்’ திசையில்தானே? 2960-இல் ‘அவுட்புட்’ பாலிசி ஏறாது.

எபேன்_இரவுப்பணி:
ஆமாம் சார், இன்புட்தான். மூன்றும் போட்டாச்சு. 71 அழைப்பு ஓடுகிறது, வெட்டு இல்லை. பேக்கப் 9 எம்பியைத் தொடுகிறது. 48-இல் க்யூ 0 டிராப் பூஜ்யம், க்யூ 1-இல் கொஞ்சம் ஏறுகிறது.

ரோஸ்ஹில்_கம்பி:
லிமிட் வைத்த போர்ட்டில் டேட்டா க்யூ கொஞ்சம் கொட்டத்தான் செய்யும், டிசிபி பார்த்துக்கொள்ளும். பஃபரைத் தொட வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமென்றால் க்யூ-செட் 2-ஐ மாற்றி இந்தப் போர்ட்டுக்கு மட்டும் கொடுங்கள். க்யூ-செட் 1 எல்லாப் போர்ட்டுக்கும் பொது.

ஃபோனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தால் ‘ட்ரஸ்ட் டிஎஸ்சிபி’ ஆபத்து. அது 46 என்று குறியிட்டு அனுப்பினாலும் சுவிட்ச் நம்பி முதல் க்யூவில் விடும். ஃபோன் போர்ட்டில் ‘ட்ரஸ்ட் காஸ்’ (டேக்கில் உள்ள முன்னுரிமை எண்ணை நம்பு) ஆக்குங்கள்: வாய்ஸ் விலானில் (குரலுக்கான தனி நெட்வொர்க் பிரிவு) டேக்கோடு வருவது காஸ் 5, கம்ப்யூட்டரின் டேக் இல்லாத பேக்கெட் 0. ஆனால் டிஃபால்ட் பட்டியலில் காஸ் 5 டிஎஸ்சிபி 40 ஆகிவிடும், இஎஃப் தேடும் ரவுட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே முதலில் இதை:

எம்எல்எஸ் க்யூஓஎஸ் மேப் காஸ்-டிஎஸ்சிபி 0 8 16 24 32 46 48 56

போர்ட்லூயி_நெட்:
பின்னால் கேடலிஸ்ட் 9200-க்கு மாறினால் இந்த வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். அங்கே ‘எம்எல்எஸ்’ கிடையாது, எல்லாம் கிளாஸ்-மேப், பாலிசி-மேப். ட்ரஸ்ட்டும் சொல்லாமலே இருக்கும்.