ஆண்டுக்கொரு குடும்ப நாள் போதாது: நம் இளையருக்கு வாரந்தோறும் கபடி வேண்டும்

அன்புடைய ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் செயற்குழுவின் முன் வரவிருப்பதால், சிங்கப்பூரிலுள்ள நம் ஊர்ச் சங்கத்தின் இளையர் பிரிவுப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் குடும்ப நாள் உறவுகள் ஒன்றுகூடும் நல்ல நிகழ்ச்சி. அது தொடர வேண்டும். ஆனால், நம் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகச் சங்கம் செய்த பணி என்று அதையே ஆண்டறிக்கையில் குறித்துவிட்டு மனநிறைவு அடைவது சரியென்று எனக்குப் படவில்லை. அன்று சாக்கு ஓட்டமும் எலுமிச்சை ஓட்டமும் ஓடிக் கோப்பை வாங்கிய பிள்ளைகள், மறுநாள் முதல் பள்ளி, துணைப்பாட வகுப்பு, கைப்பேசி என்று உட்கார்ந்த இடத்திலேயே மீதி ஆண்டைக் கழிக்கிறார்கள். கோப்பைகளுக்கும் சட்டைகளுக்கும் ஆகும் செலவை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கொண்டு ஞாயிறுதோறும் மாலையில் பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்குக் கபடி கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் கடுமையான ஆட்டமோ பயிற்சியோ இருக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் ஐந்தில் நால்வர் இந்த அளவை எட்டுவதில்லை. எனவே வாரத்துக்கு ஒருமுறை விளையாடினால் கணக்கு நேராகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமை தன்னை எதிர்பார்த்து ஓர் அணி காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, இடையிலுள்ள நாள்களில் தானாகவே கீழே இறங்கி ஓடத் தொடங்குகிறது. அடுத்த வாரம் நெடுநேரம் மூச்சுப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையே அதற்குப் போதும்.

நம் இனத்தவருக்கு இது இரட்டிப்பு அவசரம். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயது வரையுள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடம் அது 9.7 விழுக்காடுதான். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பேச்சு அப்பாவின் மாத்திரையோடும் அம்மாவின் சர்க்கரை இல்லாத தேநீரோடும் நின்றுவிடுகிறது. "பையன் ஒல்லியாகத்தானே இருக்கிறான், அவனுக்கென்ன?" என்று நம்மவர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தெற்காசியர்களுக்கு உடல் எடை அதிகம் இல்லாதபோதும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, மற்ற இனத்தவரைக் காட்டிலும் குறைந்த வயதிலேயே நீரிழிவு வரக்கூடும் என்பதால், ஒல்லியாக இருப்பது நமக்குப் பாதுகாப்புச் சீட்டு ஆகாது. இயங்கும் தசை, இன்சுலின் போதாத நிலையிலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். எலும்பின் வலிமையில் பெரும்பகுதி பதின்ம வயதிலேயே சேர்ந்துவிடுகிறது. இந்த வலிமை நாற்பது வயதில் நடைப்பயிற்சி தொடங்குவோருக்குக் கிடைப்பதைவிடப் பன்னிரண்டு வயதில் ஓடுபவர்களுக்கு மிகுதியாகக் கிடைக்கும் செல்வம்.

தேசியத் தேர்வு எழுதும் தொடக்கநிலை 6 வந்துவிட்டால் விளையாட்டை நிறுத்திவிடும் பெற்றோர் நம்மிடையே பலர். தேர்வு முடியட்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். படிப்பால்தான் நாம் இந்த ஊரில் காலூன்றினோம். ஆனால் பிள்ளையின் கண்ணையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கச் செய்து மூன்றாண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. வெளியில் சென்ற குழுவில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்த குழுவில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை உண்டானது. வெளிச்சம் விழித்திரையைத் தூண்டுவதால் கண் அளவுக்கு மீறி நீள்வது தடுக்கப்படுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். கிட்டப்பார்வை மிகுந்த நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று என்பதால், குளிரூட்டிய உள்ளரங்கைக் காட்டிலும் திறந்த புல்தரையையே நான் கேட்கிறேன். ஆண்டு முழுவதும் ஏழு மணி அளவில்தான் இங்கே பொழுது சாய்கிறது. ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயிலின் கடுமை தணிந்திருக்கும், வெளிச்சமும் இருக்கும்.

ஏன் கபடி என்று சிலர் கேட்கலாம். சென்ற குடும்ப நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது எனக்குப் பாடமாயிற்று. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பிகள் சிலர், மணலில் செருப்புகளை வரிசையாக வைத்து எல்லை வகுத்து, தங்களுக்குள் கபடி ஆடத் தொடங்கினார்கள். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை, பரிசும் இல்லை. பாடிச் சென்ற தம்பி இரண்டு பேருக்கு நடுவே குனிந்து, ஒரு காலைப் பின்னால் நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, அவருடைய கணுக்காலை ஒருவர் பற்ற, அவர் உடலை முறுக்கிக் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டார். அதுவரை மரத்தடியில் கைப்பேசியோடு இருந்த பிள்ளைகள் எழுந்து வந்து கோட்டோரம் நின்றார்கள். உயர்நிலை முதலாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், தானும் பாடிப் போகலாமா என்று கேட்டாள். அந்தத் தம்பி விளையாட்டை நிறுத்தி, மூச்சை எங்கே தொடங்க வேண்டும், எடையை எந்தக் காலில் வைக்க வேண்டும், பிடிபட்டால் தலையை எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நாம் மாதக்கணக்கில் திட்டமிட்டு நடத்திய போட்டிகள் எதிலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் அவ்வளவு ஆர்வத்தை நான் பார்க்கவில்லை.

கபடிக்கு மட்டையும் பந்தும் வலையும் வேண்டாம். அணிக்கு ஏழு பேர் போதும். பெண்களுக்கும் இளையருக்கும் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள இடம் போதும். ஒருவர் பாடிச் செல்லும் நேரம் 30 விநாடிதான் என்பதால், மின்னல் வேகத்தில் ஓடுவதும் சற்று ஓய்வதும் மாறி மாறி அமைந்து, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சி ஆகிறது. ஒருவரை ஒருவர் பற்றி இழுப்பதால் தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய எதிர்ப்பு விசையும் அதிலேயே கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை நன்றாகக் கற்றுத்தரக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் பள்ளி அணியிலும் வட்டார அணியிலும் ஆடிய அந்தத் தம்பிகளை, நன்கொடைச் சீட்டு எழுதும்போதும் பொங்கல் விழாவுக்கு நாற்காலி தூக்கும்போதும் மட்டுமே சங்கம் நினைவுகூர்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அவர்கள் ஆசானாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்களைக் கூலிக்குப் பயிற்றுநராக அமர்த்தச் சட்டம் இடம் தராது. ஆகவே அவர்கள் நம்மோடு சேர்ந்து விளையாடும் அண்ணன்மாராகவே வர வேண்டும். அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு விடுமுறை நாள் என்பதால் யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. வருபவர்களுக்கு நல்ல இரவுச் சாப்பாடு நம் பொறுப்பு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயத் தேசியச் சேவை என்ற ஒரு தூண்டுதல் இருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் நாஃபா உடலுறுதித் தேர்வில் தங்கமோ வெள்ளியோ பெற்றால் சேவைக்காலம் இரண்டு மாதம் குறையும் என்பதால், பதினாறு வயதில் வீட்டில் அப்பாவே மகனை எழுப்பி 2.4 கிலோமீட்டர் ஓட அனுப்புகிறார். பெண் பிள்ளைக்கு அப்படி ஒரு காரணம் யாரும் தருவதில்லை. வயதுக்கு வந்ததும் விளையாட்டு மெல்ல நின்றுவிடுகிறது. உடை, வெயிலில் கறுத்துப்போகும் என்ற பேச்சு, மாதவிடாய் நாள் பற்றிய கூச்சம், வீடு திரும்பும் நேரம் என்று காரணங்கள் பல. இவை ஒவ்வொன்றுக்கும் நாமே வழி செய்யலாம். முழுநீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து ஆடலாம். பெண்களுக்குத் தனி ஆடுகளமும், பொறுப்புக்கு இரண்டு அக்காமாரும் இருக்க வேண்டும். கழிவறை அருகிலுள்ள திடலையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990இலும் பெண்கள் கபடி 2010இலும் இடம்பெற்றன. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள், பெண்கள் கபடி ஆடுவதா என்று தயங்கினால் இதை எடுத்துச் சொல்லலாம். சிங்கப்பூர் ஓட்ட வீராங்கனை சாந்தி பெரேரா 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது, 1974க்குப் பிறகு திடல்தடப் போட்டியில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது என்று நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நம் வீட்டுப் பெண்ணைத் திடலுக்கு அனுப்புவதிலும் தெரிய வேண்டும்.

எடை பார்ப்பது, உடல்வாகைப் பற்றிப் பேசுவது ஆகிய இரண்டும் நம் திடலில் அறவே கூடாது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் தொடங்கிய உடல் மெலிவுத் திட்டத்தில், எடை மிகுந்த பிள்ளைகள் தனியாகப் பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டார்கள். அவர்கள் கேலிக்கு ஆளானார்கள் என்ற குறைகூறல் தொடர்ந்து எழுந்தது. 2007இல் அது கைவிடப்பட்டு, எல்லாப் பிள்ளைகளின் நலத்தையும் ஒருங்கே பார்க்கும் அணுகுமுறை வந்தது. அரசாங்கமே மாற்றிக்கொண்ட ஒன்றை நம் வீட்டு விசேஷங்களில் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம். "என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்" என்று பாசத்தோடு கேட்கும் ஒரு கேள்வி, பிள்ளையை அடுத்த கூட்டத்துக்கே வரவிடாமல் செய்துவிடும். தடித்த பிள்ளை பிடிப்பதில் கெட்டி. ஒல்லிப் பிள்ளை பாடித் தப்புவதில் கெட்டி. கபடியில் இருவருக்கும் இடம் உண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சில ஏற்பாடுகள் தேவை. சிமெண்டுத் தரையில் கபடி ஆடவே கூடாது. முழங்காலும் முழங்கையும் தாங்காது. விரிப்புகள் விலை அதிகம், அவற்றைத் தூக்கிச் செல்வதும் கடினம் என்பதால் புல்தரைதான் வழி. நகம் வெட்டி, மோதிரமும் சங்கிலியும் கழற்றி வைத்த பிறகே களத்தில் இறங்க வேண்டும். ஆண்டில் ஏறக்குறைய 168 நாள் இடி இடிக்கும் ஊர் இது. இடிச் சத்தம் கேட்டதும் கேள்வியின்றிக் கூரைக்குள் வந்துவிட வேண்டும். வானிலை நிலையம் தரும் வெப்ப அழுத்தக் குறியீடு 33 பாகையைத் தொட்டால் அன்று ஆட்டத்தைத் தள்ளிவைத்து, நிழலில் உட்கார்ந்து உத்திகளைப் பேசலாம்.

செலவு அதிகமில்லை. எல்லைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, குடிநீர், சாப்பாடு ஆகியவற்றோடு விபத்துக் காப்புறுதியும் எடுத்துவிட்டால் போதும். உள்ளரங்கு எடுத்தால், அரசாங்கத்தின் விளையாட்டுத் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜி உறுப்பினர் கணக்கில் குடிமக்களுக்குக் கிடைக்கும் தொகை உதவும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் நம் உறுப்பினர்களில் வேலை அனுமதியில் இருக்கும் குடும்பங்களுக்கு அது கிடைக்காது. யார் வந்தாலும் ஒரே நிலையில் நிற்கும் இடமாகப் பொதுத் திடல் இருப்பதையே நான் விரும்புகிறேன். வாரந்தோறும் கூடுவதால், நிலத்தை நிர்வகிப்பவர்களிடம் முன்கூட்டியே எழுத்துவழி அனுமதி பெற்றுவிட வேண்டும்.

அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளையை இறக்கிவிட்டுத் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று யாரும் போக வேண்டாம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி சொல்கிறது. பிடித்து விழ முடியாதவர்கள் திடலைச் சுற்றி நடக்கலாம், கோட்டோரம் நின்று புள்ளி எழுதலாம். பிள்ளைகள் நாம் சொல்வதைக் காட்டிலும் நாம் செய்வதைத்தான் கவனிக்கிறார்கள்.

வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவுகள், தத்தம் ஊர்களில் பருவத்துக்கு ஏற்ற ஏற்பாட்டைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். நம்மூர்ப் பள்ளித் திடலைச் சீர்செய்வது பற்றி ஊரிலிருந்து வந்துள்ள மடலுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு முன் எனக்கு மூன்று விவரங்களை அனுப்பி உதவ வேண்டும்: நீங்கள் குடியிருக்கும் வட்டாரம், பிள்ளைகளின் வயது, ஞாயிறு மாலை ஐந்தரை மணி ஒத்துவருமா என்பது. முதலுதவிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும், பெண்கள் களத்துக்குப் பொறுப்பேற்க விரும்பும் அக்காமாரும் தங்கள் பெயரைத் தெரிவிக்க வேண்டுகிறேன். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் கழிவறையும் கூரையும் அருகிலுள்ள புல்திடல் எதுவும் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
இளையர் பிரிவுப் பொறுப்பாளர்
சிங்கப்பூர்