அயர்லாந்தின் கார்க் நகரில் ஞாயிற்றுக்கிழமை வீணாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, எங்கே சாப்பிட, எங்கே நடக்க?

குடைமறந்தவன்:
டப்ளினில் ஒரு வேலை முடித்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரப் பயணம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பப்புக்குள் போனால், அடுப்பை அணைத்தாகிவிட்டது, குடிக்க வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். சரி என்று பட்டினியாகப் படுத்து, ஞாயிறு காலை எல்லோரும் புகழ்கிற இங்கிலிஷ் மார்க்கெட்டுக்குப் போனால் கேட் பூட்டு. அப்புறம் செயின்ட் பேட்ரிக்ஸ் ஸ்ட்ரீட்டில் நடந்தோம். எந்த ஊரிலும் இருக்கிற அதே துணிக்கடைகள்தான், ஆனால் தெரு மட்டும் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று புரியவில்லை. மத்தியானம் ஒரு சிப்பரில், அதாவது மீன் சிப்ஸ் பொரித்து விற்கிற கடையில், எனக்கு மீனும் சிப்ஸும், சுத்த சைவமான அம்மாவுக்கு வெறும் சிப்ஸ். உப்பு, வினிகர் போடட்டுமா என்று கேட்டார்கள், நான் தலையாட்டிவிட்டேன், வினிகரில் குளிப்பாட்டிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு இந்த ஊரில் பிடித்த ஒரே விஷயம் ஓட்டலில் பழுப்பு ரொட்டியோடு வைத்த வெண்ணெய். மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டு "சாயம் கலந்திருப்பாங்களோ" என்று சந்தேகப்பட்டார், பிறகு மூன்று துண்டு சாப்பிட்டார். திங்களும் செவ்வாயும் கையில் இருக்கின்றன. இந்த ஊரில் எதைத் தவறவிடுகிறேன்?

லீக்கரைவாசி:
ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஞாயிறும் பொது விடுமுறை நாட்களிலும் மார்க்கெட் கிடையாது. திங்கள் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் என்றால் பாதிக் கடை கட்டியிருப்பார்கள்.

தெரு வளைவுக்குக் காரணம், அது தெருவே இல்லை, ஆறு! கார்க் என்ற பெயரே சதுப்பு நிலம் என்ற ஐரிஷ் சொல்லில் இருந்து வந்ததுதான். லீ நதி இரண்டாகப் பிரிந்து நடு ஊரைத் தீவாக்கிச் சுற்றுகிறது, முன்னால் இன்னும் பல கிளைகள் ஊருக்குள் ஓடின. 18ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடித் தெருவாக்கினார்கள். பேட்ரிக்ஸ் ஸ்ட்ரீட், கிராண்ட் பரேட், சௌத் மால் எல்லாம் அப்படி வந்தவை. சௌத் மாலில் சில பழைய வீடுகளுக்கு வாசல் மாடி உயரத்தில் இருக்கும், படியேறித்தான் போக வேண்டும். கீழே இருப்பது படகு நிறுத்திய இடம். இதைத் தெரிந்துகொண்டு நடந்து பாருங்கள், துணிக்கடையெல்லாம் கண்ணிலேயே படாது. பேட்ரிக்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் 'பானா'. சும்மா அங்கே மேலும் கீழும் நடப்பதற்கு 'டூயிங் பானா' என்று சொல்வார்கள்.

சாப்பாடும் அதே தண்ணீர் வழியாக வந்ததுதான். இந்தத் துறைமுகத்தில் இருந்து உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வெண்ணெயும் பிரிட்டிஷ் கடற்படைக்கும் கரீபியன் தீவுகளுக்கும் பீப்பாய் பீப்பாயாகப் போயின. நல்ல கறி கப்பலேறிவிட்டது, குடலும் காலும் ரத்தமும் ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது. அதனால்தான் 1788இல் ஆரம்பித்த அந்த மார்க்கெட்டில் இன்றும் டிரைப், குரூபீன், டிரிஷீன் எல்லாம் கிடைக்கிறது. டிரைப் என்றால் மாட்டு வயிறு, குரூபீன் பன்றிக்கால். டிரிஷீன் ரத்தத்தில் செய்கிற தொத்திறைச்சி, சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். டிரைப், டிரிஷீன் இரண்டையும் சேர்த்துப் பாலும் வெங்காயமும் போட்டு வேகவைப்பார்கள். நம்ம ரத்தப் பொரியலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், மிளகாயும் இல்லை, மிளகும் பேருக்குத்தான். மாடியில் இருக்கும் ஃபார்ம்கேட் உணவகத்தில் கேட்டுப் பாருங்கள், கீழே வாங்கும் கூட்டத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம்.

தெற்குக்காற்று:
டிரிஷீனை மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்கிறேன். போன வருஷம் வீரமாக வாங்கி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த பெரியவர் என் மிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில் ஸ்பைஸ்டு பீஃப் வாங்குங்கள். கிராம்பு, ஆல்ஸ்பைஸ் எல்லாம் தேய்த்து உப்பில் ஊறவைத்து வேகவைத்த கறி. கிறிஸ்துமஸ் பண்டம்தான், ஆனால் மார்க்கெட்டில் மற்ற நாளிலும் பார்த்தேன். ஆறவைத்து மெல்லிசாக அரிந்து ரொட்டியில் வைத்துச் சாப்பிட வேண்டும். மசாலா வாசனைக்கு ஏங்கிப்போன நாக்கு அதைப் பார்த்து அழுதே விட்டது.

பப்பில் கறுப்பு பீர் என்றால் கின்னஸ் கேட்காதீர்கள், அது டப்ளின் சரக்கு. இங்கே பீமிஷ் அல்லது மர்ஃபிஸ். இன்னொன்று, தண்ணீர் பாட்டிலை எறிய வேண்டாம், 2024 முதல் 15 சென்ட், 25 சென்ட் டெபாசிட் பிடிக்கிறார்கள், சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

சைவப்பூனை:
அம்மாவுக்காக எழுதுகிறேன். சில சிப்பர்களில் உருளைக்கிழங்கைப் பொரிப்பதே மாட்டுக் கொழுப்பில்தான், கேட்டுவிட்டு வாங்குங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். ஒயிட் புட்டிங் என்கிற தொத்திறைச்சியில் ரத்தம் இல்லை என்பார்கள், நம்பி எடுத்துவிடாதீர்கள், அதுவும் பன்றிதான். சோடா ரொட்டிக்குப் பயமில்லை, மோரும் சமையல் சோடாவும் போட்டுச் செய்வது, ஈஸ்ட் கூட இல்லை. ஒரு நாள் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை என்றால் லங்காஸ்டர் கீயில் பாரடைசோ, 1993 முதல் சைவம் மட்டும்தான். முன்பதிவு முக்கியம்.

வெண்ணெய் மஞ்சளாக இருப்பது சாயம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், மாடு மேய்கிற பச்சைப் புல்லால் வருகிற நிறம். ஆற்றைத் தாண்டி ஷாண்டன் மேட்டுக்கு ஏறினால் வெண்ணெய்க்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை அங்கேதான் நடந்தது, 1924இல் மூடிவிட்டார்கள். எதிரிலேயே செயின்ட் ஆன்ஸ் சர்ச், கயிற்றை இழுத்து மணியை நீங்களே அடிக்கலாம். அதன் நாலு கடிகாரமும் முன்னால் நாலு நேரம் காட்டியதால் ஊரில் அதற்குப் பெயர் 'நாலு முகப் பொய்யன்'.

குடைமறந்தவன்:
எல்லோருக்கும் நன்றி, செவ்வாய் ராத்திரி எழுதுகிறேன். திங்கள் காலை ஒன்பது மணிக்கே மார்க்கெட்டில் இருந்தேன். லீக்கரைவாசி பேச்சைக் கேட்டு டிரிஷீன் சாப்பிட்டேன், முழுத் தட்டும். தெற்குக்காற்று மன்னிக்கவும், எனக்குப் பிடித்திருந்தது, பால் சாதத்தில் ஈரலைப் பிசைந்த மாதிரி. ஸ்பைஸ்டு பீஃப் அதைவிட நன்றாக இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சௌத் மாலில் அந்த உயரமான வாசல்களைத் தேடித்தேடிப் பார்த்தோம். மழை விடவே இல்லை, குடை வாங்கினேன், காற்று ஒரு மணி நேரத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. உள்ளூர்க்காரர் யாருமே குடை பிடிக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஷாண்டனில் அம்மா படியேற முடியாது என்று சொல்லிவிட்டு, முதல் தளத்தில் கயிறு இருக்கிறது என்றதும் ஏறிவிட்டார். எண் எழுதிய அட்டையைப் பார்த்து ஒவ்வொரு கயிறாக இழுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஏதோ ஒரு பாட்டை அடித்தார், தாளம்தான் பாட்டோடு சேரவில்லை. வெண்ணெய் மியூசியத்தில் பழைய மரத்தாழிகள் முன்னால் அரை மணி நேரம் நின்றார்.

மாட்டுக் கொழுப்பு விஷயம் மட்டும்தான் பாக்கி. அந்தக் கடையில் போய்க் கேட்டேன், ஆமாம் என்றார்கள். அம்மாவோ "அந்த முதல் நாள் சிப்ஸ் மாதிரி எங்கயும் கிடைக்கலையே" என்கிறார். சைவப்பூனை, நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய?