மழை தொடங்கியதும் முட்டை குறைந்துவிட்டது, ரெப்பானில் (கோழிக்கூண்டில்) லைட் போடலாமா?

செம்பனைக்காட்டான்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய வீடு. பழுப்பு முட்டைக்கோழி எட்டு இருக்கின்றன, ஒன்றரை வயது. அக்டோபர் வரை தினமும் ஆறு முட்டை. நவம்பர் மழை பிடித்ததிலிருந்து இரண்டுதான், சில நாள் அதுவும் இல்லை. லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்கானது), கூடவே மிஞ்சின சோறு. பகலில் திறந்துவிடுவேன். லண்டனில் இருக்கும் மாமா மகன், "குளிர்காலத்தில் நாங்கள் பல்பு போடுவோம், நீயும் போடு" என்கிறான். போடலாமா?

கொல்லைப்புறக் கோழி:
அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. டிசம்பரில் அங்கே பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும், அதனால் விடியுமுன்பே பல்பைப் போடுகிறார்கள். நமக்கு டிசம்பரிலும் கிட்டத்தட்ட 12 மணி நேரம். ஜூனுக்கும் இதற்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், அதற்காகவா நிறுத்தப்போகிறது? கழுத்து இறகை விலக்கிப் பாருங்கள் தம்பி. பென்சில் முனை மாதிரி புதுக் குருத்து தட்டுப்பட்டால் இறகு உதிர்க்கிறது என்று அர்த்தம். இந்த வயதில் சகஜம். இரண்டு மூன்று மாதம் முட்டையை மறந்துவிடுங்கள்.

லயத்து அக்கா:
சாரலுக்குக் கேன்வாஸ் கட்டியிருக்கிறீர்களா? உள்ளே இருட்டாகி, முட்டைப் பெட்டியும் ஈரமானால் அதுகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒருத்தி பழைய லோரி டயருக்குள் போட்டுவந்தாள், நாங்கள் தீவனக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்! நாலு நாள் பதினோரு மணிவரை திறக்காதீர்கள்.

செம்பனைக்காட்டான்:
அக்கா, அதேதான். மூன்று பக்கமும் கேன்வாஸ், பெட்டியில் மரத்தூள் களிமண் மாதிரி கையில் ஒட்டியது. மாற்றிவிட்டு, மழை இல்லாதபோது கேன்வாஸைச் சுருட்டிவைத்தேன். அடைத்துவைத்த நாலு நாளும் நாலு நாலு முட்டை. மூன்று கோழிக்குக் கழுத்தில் குருத்து இருக்கிறது. வாழைக்குப் பின்னால் பதினொரு முட்டை கிடைத்தது, சாப்பிடலாமா?

கொல்லைப்புறக் கோழி:
வாளித் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதை எறியுங்கள். மற்றதும் எத்தனை நாள் மழையில் கிடந்ததோ, நானாக இருந்தால் தொடமாட்டேன். உதிர்க்கிற மூன்றையும் பல்பு போட்டு விரட்டாதீர்கள். இறகு முழுக்கப் புரதம். சோற்றைக் குறைத்து, உப்புப் போடாமல் வேகவைத்த மீன் தலை கொடுங்கள்.

செம்பனைக்காட்டான்:
ஏழு மிதந்தன. எல்லாவற்றையும் வாழைக்கடியிலேயே புதைத்தாயிற்று. அம்மாவுக்குத்தான் அந்த நாலைக் கொடுக்க மனசே வரவில்லை.